எண்ணிக்கை ஏறிய நாள்

நானா,

பக்கத்து வீட்டில் பப்பாசி இலை அரைக்கிறார்கள். அந்தப் பச்சைக் கசப்பு வேலி தாண்டி என் குசினிக்குள், அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அவர்களுடைய மகனுக்கு டெங்கு; இரத்தத்தில் பிளேட்லெட் கூட இந்தச் சாற்றைத்தான் கொடுப்பார்கள். பின்கதவைச் சாத்திப் பார்த்தேன், மணம் போகவில்லை. கூடப்பிறந்த மூத்தவர் உங்களிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வேன்?

கொழும்பு ஆஸ்பத்திரியில் நீங்கள் கிடந்தபோது நானும் இதே சாற்றைப் பிழிந்து, போத்தலில் அடைத்துக்கொண்டு கற்பிட்டியிலிருந்து பஸ் ஏறினேன். உங்கள் இதயத்துக்குத் தெம்பில்லை, மெஷின்தான் இரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதற்கிடையில் பிளேட்லெட் இறங்குகிறது என்று மதினி போனில் அழுதா. பிளேட்லெட் என்றால் நமக்குத் தெரிந்தது டெங்குதானே. போத்தலைக் கண்டதும் நீங்கள் சிரித்தீர்கள்.

"டெங்குச் சாறா புள்ள? அது கசக்கும், எனக்கு வாணாம். கால மட்டும் கொஞ்சம் தேய்ச்சு விடு. ஐஸுக்குள்ள பொதச்ச மாதிரி கிடக்கு."

போர்வையை விலக்கினேன். கால் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. டொக்டரைத் தேடி ஓடினேன்.

"இது டெங்கு இல்ல," என்றார் டொக்டர். "மெஷினுக்குள்ள இரத்தம் கட்டாம இருக்க ஹெப்பரின் ஏத்தினம். உங்கட நானாட உடம்பு அந்த மருந்தையே எதிரியா எடுத்திட்டு. அதாலதான் பிளேட்லெட்டும் குறையுது, இரத்தமும் கட்டுது. மருந்த மாத்திட்டம்." கட்டாமலிருக்கக் கொடுத்த மருந்தே கட்ட வைக்குமா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த மனிதரிடம் கோபப்பட்டு என்ன பயன்? அவருடைய முகமும் வாடித்தான் இருந்தது.

உங்களோடு கடலுக்குப் போகிறவர்கள் படகுகளைக் கரையில் விட்டுவிட்டு வேனில் வந்து இறங்கினார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "எங்கட இரத்தத்தை எடுங்க டொக்டர், எவ்வளவு வேணுமெண்டாலும் எடுங்க," என்றார்கள். இப்போது பிளேட்லெட் ஏற்றினால் இரத்தம் இன்னும் கட்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அத்தனை ஆம்பிளைகளும் மடித்த கையை இறக்கிவிடத் தோன்றாமல் அப்படியே நின்றார்கள். அந்தக் கைகள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

எங்களுக்கு மிஞ்சியது அல்லாஹ்விடம் கையேந்திக் கேட்கும் துஆ ஒன்றுதான். மதினி, நான், ஊர்ப் பள்ளிவாசலில் ஜமாஅத், எல்லோரும் ஒரே வார்த்தையைக் கேட்டோம். பிளேட்லெட்டைக் கூட்டித் தா, யா அல்லாஹ்.

கூடியது, நானா. டொக்டரே வந்து சொன்னார். நான் ஊருக்குப் போன் எடுத்து, "ஏறிட்டு, ஏறிட்டு," என்று கத்தினேன். மதினி ஆஸ்பத்திரித் தரையிலேயே நெற்றி பட சுஜூதில் விழுந்தா. அன்று அஸர் தொழுகைக்கு முன்பே, முதலில் கட்டியிருந்த ஏதோ ஒரு இரத்தக் கட்டி உங்கள் மூளைக்குப் போய்விட்டது. எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் மௌத்தானீர்கள். கேட்டதை அவன் தந்துவிட்டான். அதை நினைத்தால் இன்றைக்கும் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

சற்று முன் அடுத்த வீட்டுப் பிள்ளையின் உம்மா வேலியடிக்கு வந்தாள். கையெல்லாம் பச்சை.

"ராத்தா, துஆ செய்யுங்க. புள்ளைக்கு பிளேட்லெட் கூடணும்."

"ஓம், கேக்கிறன்," என்றேன்.

தொழுகிற முசல்லாவை விரித்துக் கையேந்தினேன். எண்ணிக்கை வாயில் வரவில்லை. பிள்ளையைத் தா, அவனை அவனுடைய உம்மாவிடம் திருப்பித் தா என்று மட்டும் கேட்டேன். உங்களை அப்படிக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, நானா.