ரேணிகுண்டாவில் நான் நிறுத்திய விமானம்

என் நைனாவுக்கு,

உன் எஸ்தருக்கு அரசாங்க வேலை கிடைத்துவிட்டது. விமானப் பாதுகாப்பு ஆய்வாளர். சித்தூரில் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். உனக்கு நான்தானே சொல்ல வேண்டும்? கை நழுவிப் போயிருக்க வேண்டிய வேலை இது. கேள்.

இதற்கு விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வேண்டும். அது என்னிடம் இருந்தது. வயது வரம்பைத் தாண்ட சில மாதங்களே பாக்கி. உரிமம் வாங்கியபின் விமானங்களில் வேலை பார்த்த அனுபவமும் வேண்டும். அதற்குக் கம்பெனிதான் சான்றிதழ் தர வேண்டும். ரேணிகுண்டா விமான நிலையத்தில் எங்கள் மேனேஜர் பாஸ்கர் சாரிடம் அதற்காக நடையாய் நடந்தேன்.

விண்ணப்பிக்கும் தேதி முடியும் வாரத்தில்தான் அது நடந்தது. திருப்பதி தரிசனம் முடித்த கூட்டம் எங்கள் சிறிய விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கடைசியாகச் சுற்றிப் பார்த்தபோது சக்கரத்துக்கு மேலே ஆயில் கசிந்திருந்தது. துடைத்தேன். மறுபடியும் துளிர்த்தது. அந்த ஷிஃப்டில் உரிமம் உள்ளவள் நான் ஒருத்திதான். நான் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் கிளம்பும்.

பாஸ்கர் சார் ஓடி வந்தார். “இன்னாம்மா பண்ணிக்கினு கீற? ஜனம் உள்ள வெந்துக்கினு கீது. போட்டு அனுப்பு, சென்னைல பாத்துப்பாங்க.”

“கசியுது சார். பிரிச்சுப் பாக்காம போட மாட்டேன்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “உன் சர்டிபிகேட் என் டேபிள் மேலதான் கீது. யோசிச்சுக்கோ.”

நைனா, அப்போது உன் நினைவுதான் வந்தது. பிரேக் சரியில்லை என்று நீ சொன்னபோது, “இந்த ஒரு ட்ரிப் போய்ட்டு வா” என்றாரே உன் பஸ் முதலாளி. நீ போனாய். திரும்பவில்லை. முடியாது என்ற சொல் அன்று உன் வாய்வரை வந்ததா?

நான் கையெழுத்துப் போடவில்லை. எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு பெரியவர் தெலுங்கில் என்னைத் திட்டிக்கொண்டே போனார். பிரித்துப் பார்த்தால், தேய்ந்துபோன ஒரு சின்ன ரப்பர் வளையம்.

“இதுக்கா பிளைட்ட நிறுத்தின?” என்று எல்லார் முன்னாலும் சிரித்தார் பாஸ்கர் சார். சான்றிதழும் தரவில்லை.

“கொஞ்சம் அனுசரிச்சுக்கினு போயிருந்தா இன்னாடி?” என்று அம்மா அழுதாள். தலைமை அலுவலகத்துக்கு நடந்ததை எழுதிவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாள் மதியம், வேறொரு அதிகாரி கையெழுத்திட்ட சான்றிதழ் அங்கிருந்து வந்தது.

டெல்லி நேர்காணலில், எடுத்த முடிவுகளில் கடினமானது எது என்றார்கள். இதைச் சொன்னேன். நடுவில் இருந்தவர் விடவில்லை. “ஒரு ரப்பர் வளையத்துக்காக அத்தனை பேரை இறக்கியது அதிகமில்லையா?”

“பிரிக்கும்வரை அது ரப்பர் வளையம்தான் என்று எனக்குத் தெரியாது, சார்.”

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தோற்றுவிட்டேன் என்றே நினைத்து ரயிலேறினேன்.

திங்கட்கிழமை சென்னையில் சேர்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. இனி எத்தனையோ பாஸ்கர் சார்களைப் பார்க்க வேண்டும். அவர்கள் முன்னால் ‘மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு யாராவது நடுங்கிக்கொண்டு நின்றால், அவர்களைத் தனியாக நிற்க விடமாட்டேன், நைனா. இது சத்தியம்.

உன் மூத்த மகள்,
எஸ்தர்