மருந்தும் டியூட்டியும்

அபுதாபி
5.5.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். ரூமில் ஆறு பெண்கள், போனில் மனசுவிட்டுப் பேச முடிவதில்லை. நீங்களும் “சாப்பிட்டியா” என்பதைத் தாண்ட மாட்டீர்கள். அதனால் ஊருக்கு வரும் சதக்கத்துல்லா அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் வேலை பார்த்த அதே கம்பெனியில் எனக்கு இப்போது புது வேலை. தொழிலாளர் கேம்ப்களின் தலைமை டாக்டர் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்கிறேன். பிரிட்டிஷ் ராணுவத்தில் முப்பது வருடம் டாக்டராக இருந்து கர்னலாக ஓய்வு பெற்றவர். குண்டு விழுந்த இடத்தில் தவழ்ந்து போய் நான்கு பேரை இழுத்து வந்ததற்காக அரண்மனையில் பதக்கம் வாங்கியிருக்கிறார். அதை டைப் அடிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

நேற்று கேம்ப்பிலிருந்து வந்த ஒருவருடைய நாடியைப் பார்த்துவிட்டு டிஷ்யூவால் தன் கையை விரல் விரலாகத் துடைத்தார். பட்டாளத்தில் ஒரு வழக்கமாம். முடியவில்லை என்று வருகிறவனுக்கு இரண்டு மாத்திரை கொடுத்து, சீட்டில் “மருந்து, டியூட்டி” என்று எழுதித் திருப்பி அனுப்புவது. இங்கேயும் அதேதான் என்று சிரித்தார்.

உங்களுக்கு இவரைத் தெரியுமா?

அன்பு மகள்,
ஜோதிமணி

பரமக்குடி
27.5.2024

ஆத்தா ஜோதிக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ இளைத்துவிட்டதாகப் போட்டோவைப் பார்த்துப் புலம்புகிறாள்.

வெள்ளைத் தலை டாக்டரைத் தெரியாமல் என்ன? என்னோடு கேம்ப்பில் இருந்த பாலகுரு மாமா செத்த அன்று என் தோளில் கை வைத்தவர். பதினெட்டு வருஷத்தில் என்னைத் தொட்ட ஒரே ஆபீசர். மூன்றே நாளில் பாடியை ஊருக்கு அனுப்பினார். அன்று காலையில் தலை சுற்றுகிறது என்று போன மாமாவுக்கும் மாத்திரையும் டியூட்டியும்தான் கொடுத்தார். பகல் பன்னிரண்டுக்கு வெயிலில் மாமா சைட்டிலேயே விழுந்துவிட்டார். யார் என்ன செய்ய முடியும்? பெரிய மனிதர், அவர் மனம் கோணாமல் நடந்துகொள்.

அப்பா,
கார்மேகம்

அபுதாபி
16.6.2024

அப்பாவுக்கு,

ஒன்பதாவது அத்தியாயத்தில் இப்படி ஒரு வரி சொன்னார்: “பதினோரு கோடையில் ஒருவனைக்கூட நான் வெயிலுக்குப் பறிகொடுக்கவில்லை.” டைப் அடிப்பதை நிறுத்தினேன். எட்டு வருடத்துக்கு முன்பு பாலகுரு என்று ஒருவர் இறந்தாரே, அவரோடு வேலை பார்த்த கார்மேகம் என் அப்பா என்றேன். அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை. கோபப்படாமல் ஒரு பைலை எடுத்துக் கொடுத்தார்.

அதில் ஓர் ஆங்கிலக் காகிதம். பாலகுருவுக்கு ஊரிலேயே நெஞ்சுவலி இருந்ததாம், அதை மறைத்து வேலைக்கு வந்தாராம். கீழே சாட்சி, கா. கார்மேகம். உங்கள் கையெழுத்து. “உன் அப்பாவே சொல்லியிருக்கிறாரே” என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

பாத்ரூமுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அவரால் மட்டும் இல்லை அப்பா.

“என்கிட்டகூட மறைச்சுட்டாரே” என்று, புருஷனைப் பறிகொடுத்த சந்திரகலா அத்தை எட்டு வருடமாக அழுகிறார். நம் வீட்டில் உட்கார்ந்தே அழுதிருக்கிறார். அப்போது அம்மா காப்பி போட்டாள், நீங்கள் பேப்பர் படித்தீர்கள்.

அந்த வரியை நான் டைப் அடிக்கவில்லை. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் காகிதத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன், அடியில் தமிழில் அர்த்தம் எழுதியிருக்கிறேன். அத்தையிடம் நீங்களே கொடுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல்தான் கையெழுத்துப் போட்டீர்களா?

ஜோதிமணி

பரமக்குடி
9.7.2024

ஆத்தா,

பொய் என்று தெரிந்துதான் போட்டேன். டைம் கீப்பர் ஹசன் அலி இந்தியில் வரிக்கு வரி சொன்னான். போடாவிட்டால் பாடி மார்ச்சுவரியிலேயே கிடக்கும், என் விசாவும் கலாஸ், முடிந்தது என்றான். உனக்கு அப்போது பிளஸ் டூ. அதற்குப் பிறகு அந்த வேலையில் இருந்துதான் உன்னைக் காலேஜில் சேர்த்தேன்.

இன்று காலையில் சந்திரகலா வீட்டுக்குப் போனேன். எப்போதும் போல “வாங்கண்ணே” என்று தண்ணீர் கொடுத்தாள். நீ தமிழில் எழுதியதை நானே வாசித்தேன். கடைசி வரை கேட்டாள். என் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மிச்சத் தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்தாள். நான் எழுந்து வரும் வரைக்கும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

டிக்கெட் போட்டதும் தேதி எழுது. ஏர்போர்ட்டுக்கு நான் வரலாமா என்பதையும் ஒரு வரி எழுது.

கார்மேகம்