ஆறு சுரம், ஒரு விரல்

நவ. 4, செவ்வாய்
காலையில் தூறல். ஷிப்மெண்ட் போய்விட்டது. ஆறு மணிக்கே வீடு. கிட்டார் முக்கால் மணி நேரம்.

ஏ மைனர் கார்டில் சேர்ந்து ஒலிப்பது மூன்று சுரம்: ஏ, சி, ஈ. சுத்தமான துக்க வீடு. ஜி சேர்த்தால் ஏ மைனர் 7. அழுது முடித்து மூக்கை உறிஞ்சுகிற மாதிரி. ஒரே ஒரு சுரத்தில் எப்படி மாறுகிறது? பி-யும் சேர்த்தால் ஏ மை. 9. சோகமா, யோசனையா? தெரியவில்லை.

சமையலறையில் கவிதா கூடவே ஏதோ முனகினாள். நான் நிறுத்தியதும் நிறுத்திவிட்டாள்.

கல்யாணமான புதிதில் அவள் பாடியபோது, சுருதி சேரவில்லை என்று அவள் தங்கை எதிரிலேயே சொன்னேன். பனியன் கம்பெனி செக்கிங் சூப்பர்வைசர் புத்தி. பதினோரு வருஷமாக என் முன்னால் பாடவில்லை. ஒரு தடவை பாடினால் போதும். கேட்க வாய் வரவில்லை.

நவ. 5, புதன்
வெயில். கேஸ் புக் பண்ண. சின்னவளுக்கு ஸ்கெட்ச் பேனா.

ஏ மை. 11. டி-யும் சேர்ந்து ஆறு சுரம். கம்பியும் ஆறு. விரல்தான் நாலு. ஆறு சைஸ் பனியனும் இல்லாத பெட்டிக்கு நான் டேப் ஒட்ட விட்டதே இல்லை, இதை விடுவேனா? சுண்டு விரல் சுளுக்கு.

நவ. 7, வெள்ளி
கட்டிங் செக்‌ஷன் ஜான்சன், திருநெல்வேலிக்காரர், ஞாயிறு சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். டீ டைமில் என் விரலைப் பார்த்து விசாரித்தார்.

“எதுக்கு சார் ஆறையும் போட்டு அமுக்குதீய? ஒண்ணை விட்டாலும் அது பதினொண்ணுதான். ஒரு வெரலு போதும்.”

பி-யை விட்டுவிடலாமாம். இரண்டாம் கம்பி, முதல் கட்டம், ஒரே விரல். மற்றதெல்லாம் திறந்த கம்பி. நம்பவில்லை. வீட்டுக்கு வந்து செருப்போடு வாசித்துப் பார்த்தேன். அடடா. குறைந்த பெட்டிதான். ஆனால் ஜன்னலைத் திறந்த மாதிரி இருக்கிறது. ஏன் என்று புரியவில்லை.

நவ. 9, ஞாயிறு
மேகமூட்டம். பிள்ளைகள் ஊத்துக்குளியில், அம்மா வழி அப்புச்சி வீட்டில்.

பகல் பதினொன்று. 11-ஐயே திரும்பத் திரும்ப. கவிதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். முனகினாள். நான் நிறுத்தவில்லை, தலையைத் தூக்கவும் இல்லை. முனகல் பாட்டானது. மேலே போகும்போது குரல் உடைந்து நின்றது. போச்சு என்று நினைத்தேன்.

“கொஞ்சம் எறக்கி வாசிங்க. எனக்கு அவ்வளவு மேல எட்டாதுங்க” என்றாள்.

இறக்கி வாசிக்க எனக்குத் தெரியாது. தெரிந்தது இந்த ஒரு இடம்தான். அவளிடம் சொல்லவில்லை. ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தளர்த்திச் சுருதியை இறக்கினேன். மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.