மோட்டார் பழுது, தண்ணீர் இல்லை

அந்தப் பலகை கிடைத்துவிட்டது.

பிரதிஷ்டைப் பண்டிகை வருகிறதே என்று போன சனிக்கிழமை காலையில் நம் சர்ச்சின் ஸ்டோர் அறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். கால் உடைந்த பெஞ்சுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி அது நின்றுகொண்டிருந்தது. திருப்பினேன். நீல பெயிண்டில் என் கையெழுத்து. 'மோட்டார் பழுது. தண்ணீர் இல்லை.' சுற்றிலும் ஸ்கேல் வைத்துக் கோடு வேறு போட்டிருக்கிறேன். பொய்யைக்கூட நான் அழகாகத்தான் எழுதியிருக்கிறேன், பார்.

"தூக்கிப் போட்டுடலாமா சார்?" என்று கூட இருந்தவர்கள் கேட்டார்கள். இருக்கட்டும் என்று சொல்லி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். இப்போது மேஜைக்கு எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நீ இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. அப்போது உன் வீடு பத்து நிமிட நடைதான்.

சின்ன வயதில், முதல் நற்கருணைக்கு முன்னால் போன திடப்படுத்தல் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? நாம் இருவரும் ஒரே பெஞ்சில். விசுவாசப் பிரமாணத்தை எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். எனக்குப் பாதிக்கு மேல் தெரியாது. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். நீ எழுந்து நின்று, "எனக்கு மனப்பாடம் ஆவல ஐயா" என்றாய். அன்று முழங்கால் போட்டது நீ. "நல்லா சொன்னே" என்று பாதிரி ஐயர் தட்டிக்கொடுத்தது என்னை. வெளியே வந்து உன்னைக் கிண்டல் செய்தேன், பிழைக்கத் தெரியாதவன் என்று. "சொல்ல வெக்கமா கீற வேலைய ஏன்டா செய்யணும்" என்று சொல்லிவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டாய். பின்னால் நான் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க் ஆனேன், நீ எலக்ட்ரீஷியன் ஆனாய், நான் சபைக்குச் செக்ரட்டரியும் ஆனேன். உதட்டை அசைக்கும் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

வெளிக் குழாய் வந்தது உன்னால்தான். அந்தப் புத்தாண்டு ஆராதனையில் ஐயர் சபையாரை எழுந்து நிற்கச் சொல்லி, கையை உயர்த்தி இரண்டு பொருத்தனை செய்யச் சொன்னார். இந்த வருடம் மெய்யே பேசுவோம். இந்த வருடம் அக்கம்பக்கத்தாருக்கு உதவுவோம். எல்லோரும் கையை உயர்த்தினோம், இறக்கினோம், கேக் சாப்பிடப் போனோம். நீ மட்டும் என்னிடம் வந்து, "பின்னாடி சந்துல தண்ணி இல்லாம பேஜாரா கீதுடா. நம்ம போர்ல தண்ணி நல்லா கீது. காம்பவுண்டுக்கு வெளிய ஒரு கொழா வெச்சா இன்னா?" என்றாய். மறு வாரமே பைப் வாங்கி வந்து நீயே இழுத்துவிட்டாய். குழாய்க்கு மேலே தாகத்தைப் பற்றி ஒரு வசனம் எழுதினேன். அதையும் கோடு போட்டுத்தான் எழுதினேன்.

மூன்று மாதம் நன்றாகத்தான் போனது. கோடை வந்ததும் சேலையூர் ஏரிப் பக்கத்திலிருந்தெல்லாம் குடத்தோடு வர ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு முன்னால் குட வரிசை. காரை உள்ளே கொண்டுவர முடியவில்லை என்று நம்மவர்கள் முகம் சுளித்தார்கள். பண்டிகை வேறு வந்தது. அசன விருந்துக்குச் சமைக்க, பாத்திரம் கழுவ, அத்தனை பேர் கைகழுவ எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று எனக்குக் கவலை. பண்டிகை முடியும்வரை தர முடியாது என்று அந்தப் பெண்களிடம் நேரே சொல்லியிருக்கலாம். கோபப்பட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அந்தக் கோபத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வால்வை மூடிவிட்டுப் பலகையை எழுதி மாட்டினேன். யார் மனமும் நோகாமல் காரியத்தை முடித்துவிட்டதாக நினைத்து அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

உன்னை நான் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. பழுது என்று பலகையில் பார்த்தால் நீ சும்மா போவாயா? மூன்றாம் நாள் சாயங்காலம், வேலை முடிந்து மேடவாக்கத்திலிருந்து வரும் வழியில் பார்த்திருக்கிறாய். ஸ்கூட்டரை நிறுத்தி, பையோடு மோட்டார் அறைக்குள் போய்விட்டாய். நான் வந்தபோது நீ சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியைப் பிரித்துப்போட்டுக் குந்தியிருந்தாய். முதுகெல்லாம் வியர்வை.

"ஒண்ணியும் ஆவலடா. ஜம்முனு ஓடிகினு கீது. போர்டு இன்னாத்துக்கு?"

"கமிட்டியில முடிவு பண்ணாங்க. பண்டிகை வரைக்கும் வெளிக் குழாய் வேணாம்னு."

கமிட்டி கூடவே இல்லை. அது உனக்கும் தெரியும்.

"அப்போ அதையே எழுதேன். தண்ணி தர மாட்டோம்னு எழுது. உன் கையெழுத்துதான் நல்லா கீதே."

"அப்படி எழுதினா சர்ச் பேர் என்னடா ஆகும்?"

டெஸ்டரைப் பேண்டில் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாய். "பொய் சொல்லி இன்னா பேர காப்பாத்தப் போறே?"

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே தனத்தின் குரல் கேட்டது. கூடை மீன் விற்பவள், பின் சந்தில் குடியிருப்பவள். உன் ஸ்கூட்டரைப் பார்த்துவிட்டு இடுப்பில் குடத்தோடு வந்திருந்தாள். "அண்ணா, ரிப்பேர் பண்ட்டியா?" நான் அறைக்குள் நின்றபடியே உன்னிடம் கண்ணைக் காட்டினேன், வேண்டாம் என்று. நீ கேட்டுக்குப் போய் நிதானமாகச் சொன்னாய்.

"மோட்டாரு நல்லா கீது தனம். பண்டிகை முடியற வரைக்கும் தண்ணி தர வாணாம்னு கீறாங்க."

அவள் சத்தம் போடவில்லை. "அத எழுதிருந்தா வேற எங்கனா போயிருப்போமே அண்ணா. சரி பண்ணிடுவாங்கனு மூணு நாளா வந்து வந்து பாத்துகினு போறோம்" என்றாள். மறைந்து நின்ற எனக்கு அது நன்றாகக் கேட்டது. 'தர மாட்டோம்' என்று எழுதியிருந்தால் அவர்கள் ஒரு முறைதான் திரும்பிப் போயிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஏழெட்டுப் பெண்கள் ஐயரிடமே வந்து கேட்டுவிட்டார்கள். அவர் முகம் கறுத்துப்போனது. அன்றே கமிட்டி கூடியது, உன்னையும் கூப்பிட்டார்கள். கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். நீ சபையின் மானத்தை வாங்கிவிட்டாய் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். ஐயர் கையமர்த்திவிட்டு என்னிடம் திரும்பினார்.

"செக்ரட்டரி, நீங்க சொல்லுங்க. மோட்டார் பழுதா இருந்துச்சா, இல்லையா?"

ஒரு வார்த்தைதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. நீ என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு உதவியாகத்தான் பார்க்காமல் இருந்தாய் என்று இப்போது நினைக்கிறேன்.

"பழுதாதான் இருந்துச்சு ஐயா. இவர் வந்து சரி பண்ணிட்டு, வெளியில வேற மாதிரி பேசிட்டார்."

'இவர்' என்றேன் உன்னை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவனை. நீ எழுந்து, மோட்டார் அறைச் சாவியை மேஜைமேல் வைத்தாய். "சரிங்க ஐயா. அப்டியே எழுதிக்கோங்க" என்றாய். நான் எழுதினேன். மினிட்ஸ் புத்தகத்தில் இன்றைக்கும் அது அப்படியேதான் இருக்கிறது. அடுத்த ஞாயிறிலிருந்து நீ மாடம்பாக்கம் பக்கம் ஒரு சின்ன ஜெப வீட்டுக்குப் போக ஆரம்பித்தாய். பண்டிகைக்கு அப்புறம் காம்பவுண்டுச் சுவரை உயர்த்திக் கட்டினார்கள், குழாய் போயிற்று. வெள்ளையடித்தபோது வசனமும் போயிற்று.

அதன்பின் உன் வீட்டு வாசலில் நீயே ஒரு குழாய் வைத்தாய் என்று கேள்விப்பட்டேன். காலையில் ஒரு மணி நேரம் தெருவுக்குத் தண்ணீர் விடுவாயாம். பார்க்கவேண்டி வருமே என்று பல வருடங்கள் நான் சுற்றுவழியில் ஸ்டேஷனுக்குப் போனேன்.

பிறகு பெருங்களத்தூரில் ஏதோ புது அபார்ட்மெண்டில் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம், அவ்வளவுதான். உங்கள் குடும்பக் கல்லறை நம் சபைத் தோட்டத்தில் இருப்பதால் இங்கேதான் கொண்டுவந்தார்கள். வாழ்க்கைக் குறிப்பு வாசிக்க வேண்டும், சின்ன வயது நண்பர் நீங்கள்தான் என்று உன் மனைவி என்னிடமே தாளைக் கொடுத்தாள். 'வேலைப் பளுவின் காரணமாகப் பின்னாளில் வேறு சபைக்குச் சென்றார்' என்று நானே ஒரு வரி சேர்த்து, உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். நீ எழுந்து மறுத்துப் பேச மாட்டாய் என்ற தைரியம். வெளியே வரும்போது தனம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா படிச்சீங்க சார். சிநேகிதர் இல்ல?" என்றாள். நான் தலையாட்டினேன்.

இன்று காலை அந்தப் பலகையை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அவள் மீன் விற்கும் முனைக்குப் போனேன். வயதாகிவிட்டது அவளுக்கு. என்னைப் பார்த்ததும், "வாங்க சார், சங்கரா மீனு கீது, நல்லா கீது" என்றாள். மீன் வாங்க வரவில்லை என்று சொல்லிப் பலகையை எடுத்துக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியும். படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இது நான் எழுதினது தனம். நானாத்தான் எழுதினேன். அவன் சொன்னதுதான் நிஜம். கமிட்டியில நான் பொய் சொன்னேன்."

ஈ விரட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "நீங்களா சார்?"

"ஆமா."

"எவ்ளோ தபா கேட்டோம் அந்த அண்ணன, யாரு எழுதினதுனு. சொல்லவே இல்லியே. அத மட்டும் கேக்காதீங்கன்னுச்சு." மீன்மேல் தண்ணீர் தெளித்தாள். பிறகு சொன்னாள்: "நல்ல மன்ஷன்தான் அவன், ஏதோ பயத்துல எழுதிட்டான்னு சொல்லுச்சு சார்."

அடுத்து வந்தவருக்கு மீன் வெட்ட ஆரம்பித்துவிட்டாள். நான் பலகையோடு திரும்பி நடந்தேன், இந்த முறை உன் வீட்டு வழியாக. வாசல் குழாய் இன்னும் இருக்கிறது. உன் மனைவி தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மினிட்ஸ் புத்தகத்தோடு சபைக்கு முன்னால் நிற்கப் போகிறேன். கோபப்படட்டும், சிரிக்கட்டும், பழைய கதை என்று தட்டிக்கொடுத்தாலும் கொடுக்கட்டும். என்னை வாட்டுவது அதுவல்ல. முழங்கால் போட்ட நாளிலிருந்து நீ பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னது ஒன்றே ஒன்றுதான் என்று இன்றைக்குத் தெரிந்தது. நான் நல்ல மனுஷன் என்று சொல்லியிருக்கிறாய். அதைச் சுமந்துகொண்டுதான் இனி இருக்க வேண்டும்.