கொழுந்துக்கு அடியில் ஒளித்தது

அன்பு யூஜினா,

உன்னோடு பேசி மூன்று வருடமாகிறது. உன் சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாளாமே.

நேற்று நுவரெலியா கோர்ட்டில், என் தம்பியைச் சுட்ட வழக்கில் தோட்டக் காவல்காரரான உன் வீட்டுக்காரருக்காக வந்த வயதான நிபுணர், துப்பாக்கியின் மரக்கட்டையில் இருப்பது கத்தி வெட்டு என்று சொன்னார். அரசாங்க வக்கீல் விடவில்லை.

“அப்ப கத்தி எங்கே? பொலிஸ் மலை முழுக்கத் தேடிச்சே. ஐயாவுக்குக் கண் சரியாத் தெரியுதா?”

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “நான் பார்த்ததைத்தான் சொன்னேன்” என்றார். யாரும் நம்பவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் குனிந்துகொண்டேன்.

அவர் பார்த்தது சரிதான், யூஜினா.

தான் களவாக மரம் வெட்டியதைத் தோட்டத் துரையிடம் சொன்னதற்காக உன் வீட்டுக்காரரை விடமாட்டேன் என்று, தம்பி அன்று காலையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடுதான் போனான். வெடிச் சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் நான். அவனுக்கு மூச்சு இருந்தது. “அக்கா, நாந்தான் மொதல்ல வெட்டினேன்” என்றான். கண் மூடியதும் விரல்களைப் பிரித்துக் கத்தியை எடுத்து, கூடையில் கொழுந்துக்கு அடியில் ஒளித்தேன். செத்தவனைக் கொலை செய்யப் போனவன் என்று லயத்து வீடுகளில் யாரும் சொல்லிவிடக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன். உன் வீட்டுக்காரரை நினைக்கவில்லை.

திங்கட்கிழமை கத்தியோடு கோர்ட்டுக்கு வருகிறேன். உங்கள் வக்கீலிடம் சொல்லி அந்தப் பெரியவரையும் மறுபடி கூப்பிடு. அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் இன்று சொன்னேன். “எம்புள்ளைய ரெண்டாவது வாட்டியும் சாகடிக்கப் போறியாடி?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நீயும் என்னோடு பேச வேண்டாம். உன் வீட்டுக்காரர் வீடு வந்து சேர்ந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் பக்கத்து நிரையில் கொழுந்தெடுத்தவள்