பதினேழாம் நம்பர் பீடிப் படம்

மார்ச் 6, 1960. ஞாயிறு

காலையிலேயே வெயில் சுருக்கென்று. கொல்லையில் கடைசித் துணியைக் காயப்போடுவதற்குள் முதல் துணி காய்ந்துவிட்டது. மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டுகள் திருத்த வேண்டும். திருத்தவில்லை. படங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மொத்தம் இருபத்துநான்கு. பம்பர மார்க் பீடிக் கட்டு ஒவ்வொன்றிலும் ஒரு வாலிபால் ஆட்டக்காரர் படம். நம் சித்தூர் ஜில்லா டீம்கள் மட்டும். முன்பக்கம் ஆள். பின்பக்கம் ஊர், உயரம், எந்த அடியில் கெட்டிக்காரர் என்று இரண்டு வரி. நைனா பீடி பிடிக்கிறார், நான் படம் சேர்க்கிறேன். ஒன்றரை வருஷமாக இதுதான் குடும்பத் தொழில். பழைய அட்லஸ் ஒன்றின் பக்கங்களைக் கீறி, மூலைகளைச் செருகி வைத்திருக்கிறேன். பசை போட்டு ஒட்டுகிற ஜன்மங்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்பக்கம் போய்விடாதா?

இருப்பது இருபத்துமூன்று. இல்லாதது பதினேழு. பதினேழு யார்? எங்கள் நகரி டீம் ராஜவேலு. இனி ரா.வே. இடது கையால் ஸ்மாஷ் அடிப்பவன். நானும் நைனாவும் ஒரு மேட்ச் விடாமல் பார்ப்பதே அவனுக்காகத்தான். மற்ற இருபத்துமூன்று பேரையும் கொடுத்துவிட்டு அவனை மட்டும் வாங்கிக்கொள் என்றால் யோசிக்காமல் கொடுப்பேன்.

நைனா கடையிலிருந்து வந்தார். "கட்டுல யாரு நைனா?"

"அதே திருப்பதி மீசைக்காரன்தாம்மா. எனுக்கே சலிச்சிப் போச்சி."

இருமினார். ரொம்ப நேரம். அம்மா உள்ளிருந்து, "பதினேழு வரதுக்குள்ள இவரு போய்டப் போறாரு" என்றாள்.

மார்ச் 8. செவ்வாய்

அரை நாள் லீவு. நைனாவோடு புத்தூர் ஆஸ்பத்திரி. பஸ்ஸில் ஜன்னல் சீட்டு எனக்கு. வழியெல்லாம் மாம்பூ வாசனை.

டாக்டர் சின்ன வயது. முதுகில் தட்டினார், மூச்சை இழுக்கச் சொன்னார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு நைனாவிடம் நேராக, "பீடி மானேஸ்தாவா, மதனபல்லி போதாவா?" என்றார். பீடியை விடுகிறாயா, மதனப்பள்ளிக்குப் போகிறாயா. மதனப்பள்ளி என்றால் நெஞ்சு வியாதிக்கான பெரிய ஆஸ்பத்திரி. போனால் மாதக்கணக்கு. இன்னும் அந்த வியாதி வரவில்லையாம். இப்படியே புகைத்தால் நெஞ்சு எதையும் தாங்காதாம்.

நைனா, "மானேஸ்தானு சார்" என்று பள்ளிப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டை நைனாவுக்குக் கொடுத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. கூடவே, பதினேழு இனி எப்படி வரும் என்றும் ஒரு நினைப்பு வந்தது. சீ, என்ன பெண் நான்.

மார்ச் 11. வெள்ளி

பள்ளியில் ஹெட்மாஸ்டர் ஓயாமல் எல்லைப் பேச்சு. ஏப்ரல் ஒன்றிலிருந்து திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்கு, சத்தியவேடு நம் ஆந்திராவுக்கு. பஸ்ஸிலும் அதே. ஒரு கிழவர்: "எங்க ஊட்டு கெணறு அந்தாண்டயா இந்தாண்டயா, அதெச் சொல்லு மொதல்ல." கண்டக்டர்: "தாத்தா, டிக்கெட்டு இந்தாண்டதான் எடுக்கணும்."

எனக்கு அதுவரை எல்லையெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை. பெட்டிக்கடை முனுசாமிதான் தலையில் கல்லைப் போட்டார்.

"ராஜவேலு ஊரு திருத்தணி பக்கம்தானே டீச்சரம்மா? அது அந்தாண்ட போவுது. இனிமே அவன் நகரிக்கு ஆட முடியாது. ஜில்லாக்காரன்தான் ஆடணும்னு ரூலு. 27ஆம் தேதி திருப்பதி மேட்ச்சுதான் கடைசி."

அதோடு நிற்காமல் இன்னொன்றும் சொன்னார். பீடிக் கம்பெனிக்காரர்கள் ரா.வே.யை எடுத்துவிட்டு, பதினேழாம் நம்பருக்குச் சித்தூர்க்காரன் ஒருத்தனைப் போட்டுப் புதுப் படம் அடித்துவிட்டார்களாம். பழைய சரக்கில் மிச்சம் ஏதாவது இருந்தால்தான் ரா.வே.

வீட்டில் சொன்னேன். நைனா, "ஊரை மாத்தலாம். கையெ மாத்த முடியுமா? அந்த மாரி அடி எவன் அடிப்பான்" என்றார்.

வாங்க வேண்டியது: சோடா உப்பு, சிவப்பு மை, அம்மாவுக்கு மூக்குப்பொடி.

மார்ச் 14. திங்கள்

வைக்கோல் போருக்குப் பின்னால் புகை. முதலில் போர்தான் பற்றிக்கொண்டதோ என்று ஓடினேன். நைனா குந்திக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் புதிதாகப் பிரித்த கட்டு. டாக்டரிடம் கை கட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"இன்னா நைனா இது?"

"உனுக்குத்தாம்மா. பழைய சரக்கு தீர்றதுக்குள்ள ராஜவேலு வந்துட மாட்டானான்னு. ஏகாம்பரகுப்பம் வரிக்கும் நடந்து போய் வாங்கிக்கினு வந்தேன்."

"வந்தானா?"

"வல்லியே."

எனக்கு அழுகை வந்தது. கோபமும். "எனக்கு வேண்டாம்" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பீடியை அணைக்கவில்லை.

மார்ச் 15. செவ்வாய்

நைனாவோடு பேச்சில்லை. அம்மா இட்லி தட்டை வைத்தபடி சொன்னாள்: "அவரெத் திட்டறியே. தினம் வாசப்படியாண்ட நின்னுக்கினு 'யாரு நைனா, யாரு நைனா'ன்னு கேட்டது யாரு? அந்த மனுசன் உனுக்காகக் குடிச்சாரா, தனுக்காகக் குடிச்சாரா, அவருக்கே தெரியாது."

இட்லியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். பள்ளியில் பிள்ளைகளை வீணாகக் கோபித்துக்கொண்டேன். அம்மா சொன்னது சரி. சரியாகச் சொல்கிறவர்கள் மேல்தான் எரிச்சல் அதிகம் வருகிறது.

மார்ச் 19. சனி

செய்துவிட்டேன்.

முனுசாமி கடையில் புதுச் சரக்கு. புதுப் படத்துக்கு விளம்பரமாக எல்லாக் கட்டிலும் அந்தச் சித்தூர்க்காரனையே போட்டிருக்கிறார்கள். ஒரு கட்டு கேட்டேன். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். முனுசாமி, "நைனாவுக்கா டீச்சரம்மா? டாக்டரு வாணாம்னாராமே" என்றார். "எனக்குத்தான்" என்றேன். ஊர் நாளைக்கு என்ன பேசுமோ பேசட்டும். பீடிகளை அம்மாவிடம் கொடுத்தேன். அடுப்பில் போட்டாள். சமையலறையில் ஒரே நெடி.

படத்தை எடுத்துக்கொண்டு நைனாவிடம் போனேன். அவருக்குக் கிட்டத்தில் கண் தெரியாமல் போய் வருஷமாகிறது. எழுத்தைப் படிக்க என்னிடம்தான் கொடுப்பார்.

"நைனா, பதினேழு வந்துடுச்சி. கூட வேலை செய்யற டீச்சர் வீட்ல இருந்துச்சாம். குடுத்துட்டாங்க. ராஜவேலு."

நம்பர் என்னவோ பதினேழுதான். அதுவரை பொய்யில்லை.

வாங்கிக் கொஞ்சம் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது" என்றார். திருப்பிக் கொடுத்தார். இடுப்பில் செருகியிருந்த கட்டை எடுத்து என் கையில் வைத்தார். "செட்டு முடிஞ்சிப் போச்சி. இனிமே இன்னாத்துக்கு இது."

மார்ச் 20. ஞாயிறு

அட்லஸில் செருகும்போதுதான் கவனித்தேன். சித்தூர்க்காரன் வலது கையை ஓங்கிக்கொண்டு நிற்கிறான்.

நான் வாலிபால் பைத்தியமா? எருமை. கிட்டத்தில் மூஞ்சி தெரியாது என்கிற தைரியத்தில் நீட்டினேன். கையை யோசிக்கவே இல்லை. நைனாவுக்கு மூஞ்சி தெரியாமல் போகலாம். கை தெரியாமல் போகுமா?

ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பீடியும் கேட்கவில்லை. வெற்றிலை கேட்டார், வெல்லம் கேட்டார், எருதைத் திட்டினார், காரணமில்லாமல் இரண்டு முறை குளித்தார்.

மார்ச் 24. வியாழன்

ஐந்து நாள். இருமல் குறைந்ததாகத் தெரியவில்லை. டாக்டர், "முதல்ல அதிகமாகும், அப்புறம் அடங்கும்" என்று கம்பவுண்டரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நைனாவுக்குச் சிடுசிடுப்பு. அம்மாவுக்கு அதைவிட. வீட்டில் நான்தான் நல்லவள்.

திருப்பதிக்கு எடுத்துப் போக: புளிசாதம், தண்ணீர்ச் செம்பு, குடை, நைனாவுக்குக் கழுத்துத் துண்டு, மாத்திரை. அம்மா வரமாட்டாளாம். "பந்தெ இந்தாண்ட தள்றான், அந்தாண்ட தள்றான். அதெப் பாக்க ரயிலா?"

மார்ச் 27. ஞாயிறு. அமாவாசை

ரயிலில் கூட்டம். மொட்டைத் தலைகள், சந்தன வாசனை, கூடைகள். ரேணிகுண்டாவில் டீ.

மைதானத்தில் பெண்கள் என்று பார்த்தால் நானும் வேர்க்கடலை விற்கிற அம்மாவும். எல்லோரும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்கள். பிறகு ஆட்டம் தொடங்கியது, யாருக்கும் நான் ஞாபகமில்லை.

முதல் செட் நமக்கு. இரண்டாவது திருப்பதிக்கு. நைனா கத்த வாயைத் திறந்தார், இருமல்தான் வந்தது. எழுந்து நின்று கையை ஆட்டினார். அவருக்குப் பதில் நான் கத்தினேன். மூன்றாம் வகுப்பு டீச்சர், திருப்பதி மைதானத்தில், "அடிடா ராஜவேலூ" என்று. எனக்கே காது அடைத்தது. சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது செட்டில் பந்து உயரமாக வந்தது. ரா.வே. எம்பினான். இடது கை மேலே போயிற்று.

நைனாவைப் பார்த்தேன். அவர் பந்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் படத்துல சோத்துக்கை" என்றார்.

அவர் உள்பனியன் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். பிரித்தார். உள்ளே படம். பதினேழு. ரா.வே. இடது கையில் பந்து. ஓரம் நைந்து, வியர்வையில் பழுப்பேறி.

"எப்போ வந்துச்சி நைனா?"

"போன வருசம் ஆடி மாசம்."

எட்டு மாதம். எட்டு மாதமாகத் தினம் வாசலில் நின்று நான் கேட்டேன், அவர் திருப்பதி மீசைக்காரன் என்றார்.

"குடுத்துட்டா செட்டு முடிஞ்சிடும். அப்பாலே பீடி வாங்க இன்னா சாக்கு சொல்றது? உங்கம்மா வுட்டுடுவாளா? நாளிக்குக் குடுக்கலாம், நாளிக்குக் குடுக்கலாம்னு..." நிறுத்தினார். "அன்னிக்கி நீ எவனையோ கொண்டாந்து ராஜவேலுன்னு காட்டுன பாரு. நெசமானவன் என் பையிலயே கீறான். இவன் மேல உயிரெ வெச்சிகீற பொண்ணு, என்னெ நிறுத்தறதுக்கு இவனையே வாணாம்னு வுட்டுட்டியே. அதெப் பாத்துட்டு எப்பிடிம்மா பீடி வாயில வெக்கறது?"

கோபம் வந்தது. பிறகு போய்விட்டது. இரண்டு பேரும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கண்ணைத் துடைத்தேன். புழுதி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அழுதேன்.

மேட்ச் தோற்றோம். பதிமூன்று, பதினைந்து.

முடிந்ததும் ரா.வே. ஒவ்வொருவரிடமாக வந்து கும்பிட்டான். நைனா, "வர்ற வருசம் எங்களுக்கு எதிர ஆடுவியாப்பா?" என்றார்.

"திருத்தணி டீமு பெரியவரே. ஆடித்தான ஆவணும். எனுக்குக் கத்துவீங்களா?"

"உனுக்குத்தான் கத்துவேன். பாயிண்டு மட்டும் எங்களுக்கு வரணும்."

சிரித்தான். முன்பல் ஒன்று பாதி உடைந்தது. படத்தில் தெரியாது.

மார்ச் 28. திங்கள்

தெலுங்குக்காரர்களுக்கு உகாதி. பள்ளி லீவு. எதிர்வீட்டிலிருந்து வேப்பம்பூ பச்சடி வந்தது. நோட்டுகள் இன்னும் திருத்தவில்லை.

ரா.வே.யை அட்லஸில் வைத்தேன். பின்பக்கத்தில், "ஜில்லா: சித்தூர்" என்று இருக்கிறது. இன்னும் நான்கு நாளைக்குச் சரி.

சாயங்காலம் நைனா கடைத்தெருவுக்குப் போனார். நான் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாசலில் போய் நிற்கவும் இல்லை. அடுப்படியிலேயே இருந்தேன். ஒரு குழம்பை இரண்டு முறை தாளித்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். கால் கழுவினார். தட்டு முன்னால் உட்கார்ந்தார்.

"முனுசாமி கூப்ட்டான்" என்றார். "புது செட்டு வந்துகீதாம். புட்பால்காரனுங்க. முப்பத்தாறு படமாம். ஒரு கட்டு எடுத்துக்கினு போய் பாப்பாவுக்குக் குடுன்னான்."

நான் கரண்டியோடு நின்றேன்.

"எங்க பாப்பாவுக்குப் புட்பால் புடிக்காதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

கை மட்டும் கட்டு செருகுகிற இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தது அவருக்கு. சோறு போட்டேன். ரசத்துக்கு மறுபடி கேட்டார்.