நம் கார் முதலில் வந்தது

அன்புள்ள என்னவருக்கு,

நேற்று இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தில் நம் கார் ஜெயித்துவிட்டது! போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நீங்களும் லோகுவும் கும்மிடிப்பூண்டி ஷெட்டில் ஒவ்வொரு குழாயாக வளைத்துக் கட்டிய கார், அந்த லாரி உங்களை இடித்த நாளிலிருந்து தார்ப்பாய்க்குள் கிடந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் நீங்கள் அதைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. ஞாயிறுதோறும் லோகுவை வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினேன்.

"அண்ணி, டர்போ லேட்டாத்தான் இழுக்கும். வளைவு முடியறதுக்கு முன்னாடியே மிதிச்சிடுங்க. பயந்துக்கினு காலை எடுத்தீங்கன்னா அவ்ளோதான்," என்றார் லோகு.

கடைசி வளைவில் எனக்கு முன்னால் ஒரே ஒரு கார். மிதித்தேன். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விசில் சத்தத்தோடு, முதுகில் யாரோ உதைத்த மாதிரி வண்டி பாய்ந்தது. கொடியை நான்தான் முதலில் தாண்டினேன்.

லோகு ஓடி வந்து, "இன்னா அண்ணி, அண்ணனையே தூக்கி சாப்ட்டீங்களே!" என்று கத்தினார்.

அதை நீங்களே வந்து முடிவுசெய்யுங்கள். ஆக்சிலரேட்டர், பிரேக், கிளட்ச் மூன்றையும் காலைப் பயன்படுத்தாமல் கையாலேயே இயக்கும்படி மாற்றும் வேலையை லோகு இன்று காலை ஆரம்பித்துவிட்டார். அடுத்த பந்தயத்துக்கு ஓட்டுநராக உங்கள் பெயரைப் பந்தய கிளப்பில் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் மனைவி